சென்னைக்கு எந்தப் பொழுதுபோக்குப் பூங்கா: பிறந்த கதையை வைத்து ஒரு தேர்வு

ராட்டினங்களின் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பொழுதுபோக்குப் பூங்காவைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் அலுப்புடன்தான் வீடு திரும்புகிறார்கள். ‘ஐம்பதுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள்’ என்று விளம்பரப் பலகை அறிவித்தாலும், ஒரு குடும்பம் ஒரு பகலில் உண்மையாக ஏறி இறங்கக்கூடியவை சிலவே. ஒரு நடைக்கு 24 பேரை ஏற்றும் இயந்திரம், ஆட்களை அமர்த்தி, சுற்றி, இறக்கிவிட நான்கு நிமிடங்கள் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொண்டால், அது மணிக்கு 360 பேரைத்தான் கையாளும். விடுமுறை நாளில் அதன் முன்னே 720 பேர் நின்றால் கடைசியில் நிற்பவர் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தில் பூங்காவின் மற்ற நாற்பத்தொன்பது விளையாட்டுகளால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை.

ஆகவே எண்ணிக்கையை ஒதுக்கிவிட்டு வேறு இரண்டு கேள்விகளை முதலில் கேட்பது நல்லது. உடன் வருபவர்கள் எந்த வயதினர் என்பது ஒன்று. அந்தப் பூங்காவை யார், எதற்காகத் தொடங்கினார்கள் என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வி தேவையற்ற வரலாற்று ஆர்வமாகத் தோன்றலாம். ஆனால் சென்னையைச் சுற்றியுள்ள பூங்காக்களைப் பொறுத்தவரை, அவை பிறந்த விதமே இன்றுவரை அவற்றின் இயல்பைத் தீர்மானிக்கிறது. தோட்டமாகப் பிறந்தது இன்றும் தோட்டமாகவே நடந்துகொள்கிறது. இயந்திரக் கூடமாகப் பிறந்தது இயந்திரத்துக்கே முதலிடம் தருகிறது. இந்த நோக்கில் கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈ.சி.ஆர்.), பூந்தமல்லி, திருப்போரூர் ஆகிய மூன்று பக்கங்களிலும் உள்ள நான்கு பூங்காக்களை இங்கே ஒப்பிடுகிறேன்.

இவற்றுள் மூத்தது ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள வி.ஜி.பி. யுனிவர்சல் கிங்டம். ரேடியோவும் மின்விசிறியும் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாத பொருள்களாக இருந்த காலத்தில் அவற்றைத் தவணை முறையில் கொடுத்து வளர்ந்த வி.ஜி. பன்னீர்தாஸ் சகோதரர்கள், 1970களில் கடற்கரையை ஒட்டிய நிலத்தில் உருவாக்கிய ‘வி.ஜி.பி. கோல்டன் பீச்’தான் இதன் தொடக்கம். டெல்லியில் அப்பு கர் திறக்கப்பட்டது 1984இல்; மும்பையில் எஸ்ஸெல் வேர்ல்டு வந்தது 1989இல். இந்தியாவில் ராட்டினப் பூங்கா என்ற தொழிலே உருப்பெறாத காலத்தில் தோன்றியதால், கோல்டன் பீச் ராட்டினங்களை நம்பிப் பிறக்கவில்லை. தோட்டம், சிலைகள், வளைவுகள், கடலோர மணல், தங்கும் குடில்கள் ஆகியவையே அதன் மூலதனம். திரைப்படக் குழுவினர் பாடல் காட்சிகளுக்காக அங்கே முகாமிட்டதும் அந்தக் காலத்தில்தான்.

அந்தக் காலத்திலிருந்து இன்றும் பேசப்படும் காட்சி, அரண்மனைக் காவலர் உடையில் இமைகூட அசைக்காமல் நிற்கும் ‘சிலை மனிதன்’. அவரைச் சிரிக்கவைக்க மூன்று தலைமுறைக் குழந்தைகள் முயன்று தோற்றிருக்கிறார்கள். மின்சாரமோ பற்சக்கரமோ தேவைப்படாத ஒரு கேளிக்கை ஒரு பூங்காவின் அடையாளமாக நிலைத்துவிட்டது என்பதே அந்த இடத்தின் இயல்பைச் சொல்லிவிடும். பிற்காலத்தில் ரோலர் கோஸ்டரும் நீர்ச் சறுக்கு விளையாட்டுகளும் சேர்க்கப்பட்டுப் பெயரும் மாறிய பிறகும், உட்கார்ந்து பேச நிழலும், கையைப் பிடித்து நடக்கப் பாதையும், மாலையில் பார்த்துக்கொண்டிருக்கக் கடலும் அங்கே மிஞ்சியிருக்கின்றன. 2019இல் அதே குழுமம் ஈ.சி.ஆரிலேயே திறந்த ‘மரைன் கிங்டம்’ என்னும் மீன்காட்சியகம், தலைக்கு மேலே திருக்கைகளும் சுறாக்களும் நீந்தும் கண்ணாடிச் சுரங்கத்தைக் கொண்டது. அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. ஆனால் முழுவதும் குளிரூட்டப்பட்டிருப்பதால் நண்பகல் வெயிலில் முதியவர்களையும் சிறு குழந்தைகளையும் அழைத்துச் செல்ல அதைவிடப் பொருத்தமான இடம் அந்தச் சாலையில் இல்லை என்றே கருதுகிறேன்.

குறைகளும் உண்டு. கடலுக்கு இவ்வளவு அருகில் நிற்கும் எந்த இயந்திரத்தையும் உப்புக்காற்று அரிக்கும். வண்ணம் உரிந்த கம்பிகளும் ‘பராமரிப்பில் உள்ளது’ என்ற அறிவிப்புகளும் கடலோரப் பூங்காக்களில் கண்ணில் படுவதற்கு அதுவே பெரும் காரணம். பூங்காவை ஒட்டிய கடலும் பார்ப்பதற்கு மட்டுமே உரியது. ஈ.சி.ஆர். கடற்கரை நெடுகிலும் இழுப்பு நீரோட்டம் வலுவானது என்பதால் அங்கே குளிக்க இறங்குவது ஆபத்து. மேலும், வேகத்தையும் உயரத்தையும் தேடி வரும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு வி.ஜி.பி. இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

அதே சாலையில் தெற்கே, சுங்கச்சாவடியைத் தாண்டி முட்டுக்காட்டில் அமைந்திருப்பது எம்.ஜி.எம். டிஸ்ஸி வேர்ல்டு. சரக்குப் போக்குவரத்திலும் விடுதித் தொழிலிலும் காலூன்றிய எம்.ஜி.எம். குழுமம் 1990களில் தொடங்கியது இது. தாராளமயமாக்கலுக்குப் பிறகு கையில் சற்றுப் பணம் புழங்கத் தொடங்கிய நடுத்தரக் குடும்பங்களைக் குறிவைத்துத் தமிழ்நாட்டில் ராட்டினப் பூங்காக்கள் முளைத்த பத்தாண்டு அது. அந்த வரிசையில் இன்னொரு பெயரையும் வரலாற்றுக்காகச் சொல்ல வேண்டும். இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படத்தைத் தயாரித்த நவோதயா அப்பச்சன், தாம்பரத்தை அடுத்து 1995இல் தொடங்கிய கிஷ்கிந்தா அது. செயற்கை அருவியும் அலைக்குளமும் சென்னைப் பிள்ளைகளுக்கு அறிமுகமானது பெரும்பாலும் அங்கேதான். பள்ளிச் சுற்றுலா என்றாலே கிஷ்கிந்தா என்றிருந்த ஒரு தலைமுறை உண்டு. 2016 மே மாதத்தில் புதிய ராட்டினம் ஒன்றின் சோதனை ஓட்டத்தின்போது நேர்ந்த விபத்தில் ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். இன்றைய தேர்வுக்குரிய பட்டியலில் அதை நான் சேர்க்கவில்லை.

டிஸ்ஸி வேர்ல்டின் சிறப்பு அதன் அளவில் இருக்கிறது. பெற்றோர் ஓரிடத்தில் அமர்ந்துகொண்டு பிள்ளைகள் எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்று கண்காணிக்கக்கூடிய அளவுக்குச் சிறிய பூங்கா அது. எட்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அங்குள்ள ராட்டினங்களின் வேகம் மிகச் சரியாகப் பொருந்தும்: அச்சுறுத்தாது, சலிப்பும் தராது. இன்னொரு நன்மை அதன் அண்டை வீடு. பூங்காவுக்குப் பக்கத்திலேயே 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா இருக்கிறது. செட்டிநாட்டு வீடும் கேரளத்து மரவீடும் பெயர்த்தெடுத்துவந்து மறுபடி எழுப்பப்பட்ட அந்த வளாகத்தில் தாத்தா பாட்டி நாள் முழுவதும் பொழுதைக் கழிக்கலாம். சற்றே தெற்கில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் முட்டுக்காடு படகுக் குழாமும், இன்னும் தெற்கில் 1976 முதல் இயங்கும் முதலைப் பண்ணையும் உள்ளன. ஒரே நாளில் எல்லாவற்றையும் திணிக்க முயல்வது அறிவீனம். ஆனால் பூங்காவுக்கு அரைநாளும் மற்றோர் இடத்துக்கு அரைநாளும் என்று பிரித்துக்கொள்ள விரும்பும் குடும்பத்துக்கு இந்த நான்கில் மிக வசதியான இருப்பிடம் முட்டுக்காடுதான்.

பூந்தமல்லிக்கு அப்பால், பெங்களூர் நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கத்தை ஒட்டி 2003இல் வந்த குயின்ஸ்லேண்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல இருக்கிறது. ஆவடி, அம்பத்தூர், போரூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் வசிப்பவர்களுக்கு ஈ.சி.ஆர். நெரிசலைத் தவிர்க்க உதவும் ஒரே பெரிய பூங்கா அது. பரப்பளவு பெரிது, அலைக்குளத்தில் கூட்டமாக ஆட விரும்பும் கல்லூரி மாணவர்களுக்கும் தொழிற்சாலைச் சுற்றுலாக் குழுக்களுக்கும் ஏற்றது. அலங்காரம், நேர்த்தி ஆகியவற்றை எதிர்பார்ப்பவர்கள் போக வேண்டியதில்லை. அப்பகுதியில் உள்ள கோயில் நிலம் தொடர்பான வழக்குச் செய்திகளில் இதன் பெயர் சில ஆண்டுகளாக அடிபட்டுவருவதால், குழுவாகப் பேருந்து அமர்த்துபவர்கள் புறப்படும் முன் எந்தெந்தப் பகுதிகள் இயங்குகின்றன என்று பூங்காவிலேயே கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.

இந்த மூன்றுக்கும் முற்றிலும் வேறான பிறப்பைக் கொண்டது, திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறக்கப்பட்ட வொண்டர்லா. வி.ஜி.பி.யைப் போலவே இதன் மூலமும் வீட்டு உபயோகப் பொருள்தான் என்பது ஒரு சுவையான ஒற்றுமை. 1977இல் கொச்சியில் மின்னழுத்தச் சீராக்கிகளைத் தயாரிக்கத் தொடங்கி, வி-கார்டு என்ற பெயரில் வளர்ந்த கொச்சௌசெப் சிட்டிலப்பிள்ளி, 2000இல் அதே ஊரில், பின்னாளில் வொண்டர்லா எனப் பெயர் மாறிய வீகாலேண்டைத் திறந்தார். 2005இல் பெங்களூர், 2016இல் ஹைதராபாத், 2024இல் புவனேஸ்வரம் என்று அது பரவியது. ஆனால் ஒற்றுமை அத்துடன் நின்றுவிடுகிறது. பன்னீர்தாஸ் சகோதரர்கள் வணிகர்கள்; மக்கள் கூடும் இடம் எது என்று அறிந்து அதை அழகுபடுத்தினார்கள். இவர் உற்பத்தியாளர். வொண்டர்லா நிறுவனம் தன் பூங்காக்களுக்கான இயந்திரங்களில் சிலவற்றைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அங்கே தோட்டம் இயந்திரத்துக்கு இடையே வருகிறதே தவிர, இயந்திரம் தோட்டத்துக்கு இடையே வருவதில்லை.

சென்னைக்கு அது இவ்வளவு தாமதமாக வந்ததற்குக் காரணம் ஆர்வமின்மை அல்ல. நிலத்தை வாங்கிய பிறகும், நுழைவுக் கட்டணத்தின் மீதான உள்ளாட்சிக் கேளிக்கை வரியில் விலக்குக் கேட்டு அந்நிறுவனம் பல ஆண்டுகள் காத்திருந்தது. பூங்கா நுழைவுக்கான ஜி.எஸ்.டி. 2017இல் 28 சதவீதமாக இருந்து 2018 ஜனவரியில் 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருந்தாலும், அதன் மேல் உள்ளாட்சி வரியும் சேர்ந்தால் கட்டணம் கட்டுப்படியாகாது என்பது அவர்கள் வாதம். கடைசியில் 64 ஏக்கரில், 611 கோடி ரூபாய்ச் செலவில், 43 விளையாட்டுகளுடன் பூங்கா எழுந்தது. திறப்பின்போது கட்டணம் 1,489 ரூபாயிலிருந்து தொடங்கியது.

இங்கே பலரும் பேசுவது அங்குள்ள ஒரு ரோலர் கோஸ்டரைப் பற்றி. சுவிட்சர்லாந்தின் போலிகர் அண்டு மாபிலார்டு நிறுவனம் செய்தது அது. சாதாரண ரோலர் கோஸ்டரில் தண்டவாளத்தின் மேலே வண்டி ஓடும். இதில் தண்டவாளம் தலைக்கு மேலே இருக்க, இருக்கைகள் அதிலிருந்து தொங்கும், கால்கள் அந்தரத்தில் ஆடும். 1992இல் அமெரிக்காவில் முதன்முதலில் இந்த நிறுவனம் அறிமுகப்படுத்திய அமைப்பு, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல நாடுகளில் ஓடித் தேறிய பிறகே இந்தியாவுக்கு வந்திருக்கிறது. இது பாதுகாப்பு நோக்கில் நல்ல செய்தி. தலைகீழாகும்போது உடலை இருக்கையோடு அழுத்திப் பிடிக்கும் விசை, வளைவின் வடிவத்தைக் கணக்கிட்டு அமைப்பதால் கிடைப்பது. அந்தக் கணக்கில் தேர்ந்தவர்கள் செய்த தண்டவாளத்தில் கழுத்தைப் பிடித்து உலுக்கும் அதிர்ச்சி குறைவாக இருக்கும். பழைய ரோலர் கோஸ்டர்களில் ஏறிவிட்டுத் தலைவலியோடு இறங்கியவர்கள் இந்த வேறுபாட்டை உடனே உணர்வார்கள்.

ஆனால் இத்தகைய பூங்காவில் கட்டணத்தை முழுமையாக ஈடுசெய்துகொள்பவர் யார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். வொண்டர்லாவில் குழந்தைக் கட்டணம் வயதைப் பொறுத்ததன்று, உயரத்தைப் பொறுத்தது. 85 சென்டிமீட்டருக்குக் குறைந்தவர்களுக்குக் கட்டணமில்லை. 85 முதல் 140 சென்டிமீட்டர் வரை குழந்தைக் கட்டணம். அதற்கு மேல் முழுக் கட்டணம். வேகமான இயந்திரங்களில் ஏறவும் உயர வரம்பு உண்டு. 130 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒன்பது வயதுப் பிள்ளையை அழைத்துச் சென்றால், வழியெல்லாம் ஆசைகாட்டிவிட்டு, அண்ணன் ஏறுவதைக் கீழே நின்று பார்க்கச் சொல்வதாக முடியும். வீட்டுச் சுவரில் உயரத்தை அளந்துவிட்டு முடிவெடுப்பது அழுகையைத் தவிர்க்கும். மறுபுறம், இதய நோய், முதுகுத்தண்டுக் கோளாறு உள்ளவர்களுக்கும் கருவுற்றிருப்பவர்களுக்கும் பெரும்பாலான விளையாட்டுகள் விலக்கப்பட்டவை. ஆக, முழுப் பயன் பெறுபவர்கள் பதின்மூன்று வயது முதல் நாற்பதுக்குள் இருக்கும் உடல்நலமுள்ளவர்கள் மட்டுமே. அவர்களுக்கு மற்ற மூன்று பூங்காக்களும் இதற்கு ஈடாகா. இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. வரிசையில் முந்திச் செல்வதற்கான ‘ஃபாஸ்ட்டிராக்’ சீட்டு கூடுதல் விலைக்கு விற்கப்படுகிறது. வேலைநாளில் செல்ல முடிந்தவர்களுக்கு அது தேவைப்படாது. பொங்கல், தீபாவளி விடுமுறைகளில் செல்பவர்கள் அதையும் கட்டணத்தின் பகுதியாகவே கருதிக்கொள்வது நேர்மையான கணக்கு.

பருவமும் தேர்வை மாற்றும். கத்திரி வெயில் காலத்தில் சென்னையில் நண்பகலுக்குப் பிறகு வீசத் தொடங்கும் கடற்காற்று, முதலில் தொடுவது ஈ.சி.ஆரைத்தான். ஈஞ்சம்பாக்கத்திலும் முட்டுக்காட்டிலும் பிற்பகலில் வெப்பம் தணியத் தொடங்கும்போது, உள்நாட்டில் உள்ள செம்பரம்பாக்கம் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். அங்கே காற்று பிந்தியே எட்டும். சில நாள்களில் எட்டாமலே போகும். இள்ளலூர் கடற்கரையிலிருந்து விலகி இருப்பதோடு, புதிய பூங்கா என்பதால் நட்ட மரங்கள் முழு நிழல் தர ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே மே மாதத்தில் குயின்ஸ்லேண்டுக்கோ வொண்டர்லாவுக்கோ செல்பவர்கள், காலையில் உலர் ராட்டினங்களை முடித்துவிட்டு, நண்பகலிலிருந்து நீர் விளையாட்டுகளில் இறங்குவதே முறை. கூட்டம் இதற்கு நேர்மாறாகச் செய்யும் என்பதால் வரிசையும் குறையும். நீரில் இறங்க நைலான் போன்ற செயற்கை இழை உடைகள் கட்டாயம். பருத்தி நூல் பிரிந்து வடிகட்டிகளை அடைப்பதே இதற்குக் காரணமாகையால் வாயிலில் வாதாடிப் பயனில்லை.

பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் இந்த ஒப்பீடு நிறைவடையாது. 2019 ஜூனில் குயின்ஸ்லேண்டில் உயரத்திலிருந்து இறங்கும் கோபுர ராட்டினத்தின் வடம் அறுந்த காணொளி தமிழ்நாடு முழுவதும் பரவியது. 2025 மே மாத இறுதியில் வி.ஜி.பி.யில் ஓர் இயந்திரம் உயரத்திலேயே நின்றுவிட, அதில் இருந்தவர்களைத் தீயணைப்புத் துறையினர் ஏணி வண்டியின் உதவியால் பத்திரமாக இறக்கினர். இவ்விரண்டும் ஒரே தன்மையன என்று கொள்வது தவறு. வடம் அறுவது இயந்திரத்தின் தோல்வி. இயந்திரம் நடுவழியில் நிற்பதோ பல நேரங்களில், ஏதோ ஒன்று சரியில்லை என்று உணர்கருவி கண்டறிந்து ஓட்டத்தைத் தடுத்ததன் விளைவாக இருக்கும். அங்கே கேட்க வேண்டியது, நின்றுபோனவர்களை இறக்கப் பூங்காவிடமே சாதனமும் பயிற்சியும் உண்டா என்பது. புதிய பூங்காவுக்கு இத்தகைய கடந்தகாலம் இல்லை என்பது அதன் சாதனை அன்று. வயது குறைவு என்பதே காரணம். எந்தப் பூங்காவானாலும் பார்வையாளர் தாமே கவனிக்கக்கூடிய அறிகுறிகள் சில உண்டு. இயக்குபவர் ஒவ்வொரு இருக்கையின் தாழ்ப்பாளையும் கையால் இழுத்துப் பார்க்கிறாரா, உயர அளவுகோலைச் சிபாரிசுக்காகத் தளர்த்துகிறாரா, காலையில் ஆளில்லாமல் ஒரு நடை ஓட்டிவிட்டுத்தான் வரிசையைத் திறக்கிறாரா என்பவை அவை. தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்காமல் பொத்தானை அழுத்தும் இடத்தில், கட்டணம் போனால் போகட்டும் என்று இறங்கிவிடுவதே சரி.

இனி, மிகவும் சிக்கலான நிலையைப் பார்ப்போம்: எழுபது வயதுப் பாட்டி, பிளஸ் டூ முடித்த பேரன், யு.கே.ஜி. படிக்கும் பேத்தி ஆகிய மூவரும் ஒரே காரில் புறப்படுகிறார்கள். இவர்களை வொண்டர்லாவுக்கு அழைத்துச் சென்றால், சலுகைக் கட்டணம் இருந்தாலும், பாட்டி நாள் முழுவதும் பைகளுக்குக் காவலிருப்பார். குயின்ஸ்லேண்டின் பரப்பளவு அவர் முழங்காலுக்கு ஒவ்வாது. டிஸ்ஸி வேர்ல்டு பேத்திக்கு ஓரளவு, பேரனுக்கு ஓரளவு என்று யாருக்கும் முழுமையாக அமையாது. என் தேர்வு வி.ஜி.பி.: மரைன் கிங்டமில் நண்பகலைக் கழித்துவிட்டு, பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு பூங்காவுக்குள் நுழைந்தால், வெயில் தாழ்ந்திருக்கும், பேத்திக்குச் சிறு ராட்டினங்களும் பாட்டிக்கு நிழலும் கடற்காற்றும் கிடைக்கும். புறப்படும் முன் அன்று எத்தனை மணிவரை நுழைவு உண்டு என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். பேரனை அன்று வீட்டிலேயே விட்டுவிட்டு, அந்த ஒரு நுழைவுச்சீட்டின் பணத்தை அவன் கையில் கொடுத்து, வேலைநாள் ஒன்றில் நண்பர்களோடு இள்ளலூருக்கு அனுப்பிவைக்கலாம். மீதிப் பணத்தை அவனே நண்பர்களிடம் கடன் வாங்கிச் சமாளித்துக்கொள்வான்.